ஜாமக்காரரின் தூக்கம்

குடியை விட்டா தூக்கம் போயிடும்னு எனக்கு யாரும் சொல்லல. குடிச்சா ஈரல் போவும், வேலை போவும், மானம் போவும்னு சொல்றதுக்கு ஊர் பூரா ஆள் இருந்தாங்க. விட்டா இன்னா போவும்னு சொல்ல ஒரு நாதி இல்ல. எங்க வீட்டுக்காரரு திருப்பதில ஒரு ஆஸ்பத்திரியில, குடியை நிறுத்தற வார்டுல கெடந்து, கை நடுக்கம் நின்னு, சித்தூருக்குத் திரும்பி வந்தாரு. இனிமே நிம்மதின்னு நெனச்சேன். பஸ்ஸுலயே கண்ணை மூடி ஒரு ஸ்தோத்திரமும் சொல்லிட்டேன். கொஞ்சம் பொறுத்து சொல்லியிருக்கலாம்.

அந்த ஆளு குடிக்க ஆரம்பிச்சதே தூக்கத்துக்குத்தான். இதைச் சொன்னா சிரிப்பாங்க, பாரு, குடிகாரன் பொண்டாட்டி புருஷனுக்கு வக்கீல் வேலை பாக்கறான்னு. சிரிக்கட்டும். அவருக்கு வேலை மாம்பழக் கூழ் ஃபேக்டரியில, பாய்லர்கிட்ட. சீசன் வந்துட்டா எங்க ஊர்ல அந்த ஃபேக்டரிங்க ராவு பகல்னு பாக்காம ஓடும். தோத்தாபுரி மாங்கா ஏத்திக்கினு வந்த டிராக்டருங்க கேட்டுல இருந்து ரோடு நெடுக நிக்கும். இவருக்கு ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் ராத்திரி. ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு காலைல வந்து படுத்தா வெயிலு, ஈ, பக்கத்து வீட்டு டிவி. பொரண்டு பொரண்டு படுத்துட்டு சாயந்திரம் அப்படியே எழுந்து போவாரு. கூட வேலை செஞ்ச எவனோ ஒரு புண்ணியவான் வழி சொல்லிக் குடுத்தான், ஒரு குவார்ட்டர் போட்டுக்கினு படு, ஊரே இடிஞ்சாலும் தெரியாதுன்னு. தெரியலதான். மொதல்ல அது சீசனுக்கு மட்டும் மருந்தா இருந்துச்சு. அப்பால சீசன் இல்லாத மாசத்துக்கும் மருந்தாச்சு. அப்பால எதுக்குன்னே இல்லாம ஆயிடுச்சு.

நடுவுல நடந்ததை எல்லாம் எழுத எனக்கு இஷ்டமில்ல. எல்லா குடிகாரன் வீட்டுலயும் நடக்கறதுதான் எங்க வீட்டுலயும் நடந்துச்சு. நான் சின்ன பிள்ளைங்களுக்கு டீச்சர். காலைல முகத்தைக் கழுவி பவுடர் போட்டுக்கினு போய் நின்னு, "குட் மார்னிங் சில்ரன்"னு சொல்லிக்கினு இருந்தேன். ஒரே மகள் படிச்சு முடிச்சு, திருச்சானூர்ல ஒரு லாட்ஜுல கணக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிட்டா. அவதான் கடைசியில நைனாவை இழுத்துக்கினு போய் வார்டுல சேத்தா. டிஸ்சார்ஜ் பண்ணும்போது டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டு, "ஈரல் இதுக்கு மேல தாங்காதும்மா. திரும்ப ஆரம்பிச்சார்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு சொன்னாரு. அதை நான் தாலி மாதிரி கழுத்துல மாட்டிக்கினு வீட்டுக்கு வந்தேன்.

அவரு ஒரு சொட்டு தொடல. அதைச் சொல்லணும். நான் சந்தேகப்பட்டு அரிசி டின்னைக் கூட கிளறிப் பாத்தேன், ஒண்ணுமில்ல. ஆனா தூங்கல. படுப்பாரு, கண்ணு சொக்கும், ஒரு பொட்டு நேரம் ஆவும், யாரோ காலைப் புடிச்சு இழுத்த மாதிரி தூக்கிப் போடும். எழுந்து உக்காந்துடுவாரு. அந்தப் பொட்டுத் தூக்கத்துலயும் கனவு. கனவுல குடிப்பாரு. வேர்த்துக் கொட்டிக்கினு எழுந்து, "நான் குடிச்சிட்டனா மே?"ன்னு என்னைக் கேப்பாரு. இல்லன்னா நம்ப மாட்டாரு. குடிச்ச காலத்துல குடிக்கலன்னு அவரு சத்தியம் பண்ணுவாரு. இப்போ குடிக்காத ஆளு, குடிக்கலன்னு என்னை சத்தியம் பண்ணச் சொன்னாரு.

பகல்ல பாத்தா கண்ணு ரெண்டும் மொளகாப் பழம். ஃபேக்டரியில, தூங்காத ஆளை பாய்லர்கிட்ட நிறுத்த முடியாதுன்னு டப்பா அடுக்கற பக்கம் மாத்திட்டாங்க. அங்கயும் நின்னுக்கினே தலை சாயும். சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்து துன்னவும் மாட்டாரு, எழுந்திரிக்கவும் மாட்டாரு. சாம்பாருல உப்பு கம்மின்னு ஒரு நாள் கண்ணுல தண்ணி வுட்டு அழுதாரு. குடிச்சப்போ தட்டைத் தூக்கி எறிஞ்ச ஆளு. எறிஞ்சிருந்தா கூட எனக்கு பயம் வந்திருக்காது.

இதுக்கு நடுவுலதான் எங்க சபையில அவரை சாட்சி சொல்லக் கூப்பிட்டாங்க. நாங்க பழைய மிஷன் சபை. என் மாமனாருக்குத் தாத்தா காலத்துல இருந்து அந்த ஒரே கோயில்தான். கெட்ட வழியில போய் திரும்பி வந்தவங்க ஞாயித்துக்கிழமை ஆராதனையில எழுந்து நின்னு, நடந்ததை சபை முன்னாடி சொல்லணும். அது எங்க வழக்கம். இவரு சட்டையை இஸ்திரி போட்டுக்கினு போய் நின்னாரு. பேச்சு வராத ஆளு. "குடியை விட்டுட்டேன். எல்லாரும் ஜெபம் பண்ணினீங்க, நன்றி. ஆனா ராத்திரியில தூக்கமே வர்றதில்ல, அதுக்கும் ஜெபம் பண்ணிக்குங்க"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு.

அந்தக் கடைசி வார்த்தைதான் வெனை. பெண்கள் சங்கத்துத் தலைவி ஒருத்தங்க இருந்தாங்க, நாங்க எல்லாரும் பெரியக்கான்னு கூப்பிடுவோம். தங்கமான மனுஷி. முன்னாடி ஒரு தடவை நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்போ என் வீட்டுக்கு சோறு ஆக்கிப் போட்ட கை அது. அதனாலதான் அவங்க மேல கோவப்படறது எனக்கு அவ்ளோ கஷ்டமா இருந்துச்சு. ஆராதனை முடிஞ்சதும் அவங்க இவருகிட்ட வந்து, "தம்பி, தூக்கம் வரலன்னு வருத்தப்படாதீங்க. கர்த்தரு உங்களை ஒரு வேலைக்காக எழுப்பி வெச்சிக்கினு இருக்காரு"ன்னாங்க. இவரு மொகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு பாருங்க. நான் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தேன். எனக்கும் அப்போ சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

எங்க சபையில ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற லெந்து நாள்ல சங்கிலி ஜெபம்னு ஒண்ணு நடக்கும். ராவும் பகலும் வுடாம, மணிக்கு ஒரு வீடா ஜெபம் பண்ணணும். உன் நேரம் முடிஞ்சா அடுத்த வீட்டுக்கு ஃபோன் போட்டு எழுப்பி வுடணும். பகல் நேரத்துக்கெல்லாம் போட்டி. நடு ஜாமத்துக்கு மட்டும் ஆளே இருக்காது. வருஷா வருஷம் அந்த இடத்துலதான் சங்கிலி அறுந்து போவும், மறுநாள் ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போட்டுக்கினு இருப்பாங்க. அந்த வருஷம் நடு ஜாமம் மொத்தத்தையும் தூக்கி இவருகிட்ட குடுத்துட்டாங்க. எப்படியும் முழிச்சுக்கினுதான் இருக்கப் போறாரு, வேற யாரு இருக்காங்கன்னு.

சங்கிலி அறுபடவே இல்ல. ஐயரு, எங்க போதகரை நாங்க அப்படித்தான் சொல்லுவோம், அதை மேடையில சொல்லி ஸ்தோத்திரம் பண்ணினாரு. இவருக்கு ஜாமக்காரருன்னு ஒரு பேரு வெச்சாங்க. ஊரு தூங்கும்போது முழிச்சிருந்து காவல் காக்கறவரு. லெந்து முடிஞ்சும் அந்தப் பேரு முடியல, சங்கிலி ஜெபத்தையும் நிறுத்தல. மகளுக்கு வரன் வரலையா, மகனுக்கு விசா வரலையா, ஜாமக்காரருகிட்ட சொல்லி வையின்னு ஃபோன் வரும். இவரைப் பாத்தா எதிர் பக்கம் தாண்டிப் போனவங்க, ரோட்டுல நிறுத்தி கையைப் புடிச்சு பேசினாங்க. வாழ்க்கையில மொதல் தடவையா அந்த ஆளுக்கு ஒரு மரியாதை கெடச்சுது. அது தூங்காததுக்குக் கெடச்சுது.

ஆளு எளைச்சுக்கினே போனாரு. இதுக்கு நான் எங்க போய் முட்டிக்கறது, நீங்களே சொல்லுங்க.

மகள் ஒரு தடவை வந்து பாத்தா. வாசல்லயே நின்னுட்டா. "இன்னாம்மா இது, நைனா பொணம் மாதிரி இருக்காரு, நீ பாத்துக்கினு இருக்கியா?"ன்னு என் மேல எரிஞ்சு வுழுந்தா. அன்னிக்கே ரெண்டு பேரையும் பஸ் ஏத்திட்டா. சந்திரகிரி தாண்டும்போது அவரு தலை என் தோள் மேல சாஞ்சுது. நான் மூச்சு கூட மெதுவா வுட்டுக்கினு வந்தேன். ஒரு ஸ்பீட் பிரேக்கர்ல பஸ்ஸு குதிச்சுது, எழுந்துட்டாரு. அந்த டிரைவரை நான் மனசுல திட்டின திட்டு, டீச்சரு திட்டற திட்டே இல்ல.

டாக்டர் அதே பழைய டாக்டர்தான். "நித்ர பட்டடம் லேதா?"ன்னு, தூக்கம் வர்றதில்லையான்னு, அவரா தெலுங்குல கேட்டாரு. இவரு லேதுன்னு தலையாட்டினாரு. அப்பால டாக்டர் எனக்கும் வெளங்கற மாதிரி சொன்னாரு. இத்தினி வருஷம் சாராயம்தான் தூங்க வெச்சிருக்குது, மூளைக்குத் தானா தூங்கற வழியே மறந்து போச்சு, திரும்பக் கத்துக்க மாசக்கணக்குல ஆவும், சில பேருக்கு அதுக்கு மேலயும் ஆவும். பழக்கமாவாத மாத்திரை ஒண்ணு எழுதறேன், ஆனா மாத்திரையை விட முக்கியம், தினமும் ஒரே நேரத்துல படுக்கணும், ஒரே நேரத்துல எழுந்திரிக்கணும், சாயந்திரத்துக்கு மேல டீ கூடாது, பகல்ல படுக்கக் கூடாது. எல்லாத்துக்கும் தலையாட்டிக்கினு வந்த ஆளு, "ராத்திரியில எழுந்து உக்காரவே கூடாது"ன்னதும் ஆட்டறதை நிறுத்திட்டாரு. மகள் சங்கிலி ஜெபத்தைப் பத்தி சொன்னா. டாக்டர் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, "ஜெபத்தைப் பகல்ல பண்ணுங்க. குடியை விட்டவங்க திரும்பிப் போறது குடி மேல ஆசையில மட்டும் இல்ல. தூக்கத்து மேல ஆசையிலயும்தான்"னு சொன்னாரு.

மகள் வேலை செய்யற லாட்ஜுலயே ஒரு ரூம் வாங்கிக் குடுத்தா, ஒரு வாரம் இருந்தோம். திருச்சானூர்ல நடு ராத்திரியிலயும் யாரோ சூட்கேஸை உருட்டிக்கினு போவாங்க, மொட்டை போட்ட கொழந்தைங்க அழும், ஷேர் ஆட்டோக்காரன் திருப்பதி திருப்பதின்னு கூவுவான். "இந்த ஊர்ல எல்லாருமே என் கேஸுதான் மே"ன்னு சிரிச்சாரு. சிரிச்சு எத்தினி காலம் ஆச்சு. அந்த சத்தத்துலயும் மாத்திரை போட்டு, டாக்டர் சொன்ன நேரத்துக்குப் படுத்து, மொதல்ல ரெண்டு மணி நேரம் தூங்கினாரு, வாரக் கடைசியில கொஞ்சம் கூடவே தூங்கினாரு. இட்லி இன்னும் ரெண்டு வெய்யின்னு கேட்டாரு. எனக்கு உசுரு திரும்பி வந்துச்சு.

சித்தூருக்கு வந்த ரெண்டாம் நாளே பெரியக்கா வந்துட்டாங்க, சங்கிலி அறுந்து போச்சு, ஜாமக்காரரு எங்கன்னு எல்லாரும் கேக்கறாங்கன்னு. நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பொறுமையா கேட்டாங்க. கேட்டுட்டு, "ஒரு போதையை வுட்டாரு. இப்போ மாத்திரை போட்டுக்கினு தூங்கறாரு. இது மட்டும் இன்னாம்மா?"ன்னாங்க. வேணும்னு குத்தறதுக்கு சொல்லல. மெய்யாவே அப்படி நம்பினாங்க.

எனக்கு வந்துச்சு கோவம். "அக்கா, உங்க வீட்டுக்காரரு ராத்திரியில தூங்கறாரா?"

"தூங்கறாரு. ஏன்?"

"அப்போ அந்த நேரத்தை அவருக்குக் குடுங்க. அவரை எழுப்பி வுடுங்க. என் புருஷன் தூங்கட்டும்."

அவங்க மொகம் செத்துப் போச்சு. உள்ள இருந்து இவரு வந்து, "நீ சும்மா இரு மே. டாக்டரு தூக்கத்தைப் பத்தி படிச்சவரு. மேல இருந்து வந்த வேலையைப் பத்தி அவருக்கு இன்னா தெரியும்?"னாரு. அன்னில இருந்து மாத்திரையை நிறுத்திட்டாரு. பழையபடி நடு ஜாமம், நாற்காலி, இஸ்திரி போட்ட சட்டை. நான் ஐயருகிட்ட போய் சொன்னேன். "நீங்க சொல்றது நியாயம்தாம்மா, நான் பேசறேன்"னாரு. பேசியிருப்பாரு. ஓடற வண்டியை யாரு நிறுத்துவாங்க.

நான் அவருகிட்ட கெஞ்சினேன், திட்டினேன், ரெண்டு நாள் பேசாம இருந்தேன். ஒரு தடவை அவரு சொன்னது மட்டும் எனக்கு மறக்காது. "குடிகாரன்னு சொன்ன வாய் எல்லாம் இப்போ ஜாமக்காரருன்னு சொல்லுது. தூங்கிட்டா நான் யாருமே இல்ல." நீ எனக்குப் புருஷன்னு சொன்னேன். அது பத்தலன்னு அவரு மொகத்துலயே தெரிஞ்சுது.

மழைக்காலம் வந்தப்போ அவருக்கு செவுத்துல எல்லாம் ஏதோ நவுர்ற மாதிரி தெரிய ஆரம்பிச்சுது. ஃபேக்டரியில வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க. ஒரு நாள் மத்தியானம் சோத்தைப் பெசைஞ்சுக்கினே, தட்டைப் பாத்து பேசற மாதிரி, "ஒரே ஒரு தடவை நல்லா தூங்கிட்டா போதும் மே. அப்பால எத்தினி நாள் வேணாலும் முழிச்சுக்கினு இருப்பேன்"னாரு. அந்த ஒரு தடவைக்கு அவருக்குத் தெரிஞ்ச வழி எதுன்னு எனக்குத் தெரியும். மகளுக்கு ஃபோன் போட்டேன். சனிக்கிழமை வர்றேன், திரும்ப டாக்டர்கிட்ட போலாம், அது வரைக்கும் பாத்துக்கன்னா. கண்ணுல வெளக்கெண்ணெய் வுட்டுக்கினு பாத்தேன். ஆனா நான் வேலைக்குப் போவணும் இல்ல.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் வுட்டு வந்தேன். கதவு சும்மா சாத்தியிருந்துச்சு. உள்ள கொறட்டை சத்தம்.

நான் அப்படியே வாசல்ல நின்னுட்டேன். இடுக்கு வழியா பாத்தா, கட்டில்ல மல்லாந்து படுத்திருக்காரு, ஒரு கை தரையில தொங்குது. தூங்கறாரு. கதவைத் தள்ளினா கிறீச்சுனு சத்தம் போடும், எழுந்துடுவாருன்னு நான் உள்ளயே போவல. செருப்பைக் கையில கழட்டிக்கினு, பக்கத்து வீட்டுக்குப் போய் மிக்ஸியை நிறுத்துன்னு சொன்னேன். தெருவுல கிரிக்கெட் ஆடினவங்களை வேற தெருவுக்குத் தொரத்தினேன். பால்காரன் மணி அடிக்கறதுக்கு முன்னாடி ஓடிப்போய் அவன் கையைப் புடிச்சேன். பைத்தியம்னுதான் நெனச்சிருப்பாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டிக்கினே இருந்துச்சு.

அன்னிக்கு சாயந்திரம் பெண்கள் சங்கத்துல எங்க வீட்டுல ஜெபக் கூட்டம் வெச்சிருந்தாங்க. நாலஞ்சு பேரோட பெரியக்கா வந்தாங்க. வெரலை வாயில வெச்சு, "தூங்கறாருக்கா"ன்னேன். அவங்க கொறட்டையைக் கேட்டாங்க. அந்த அம்மாவுக்கும் கண்ணு கலங்கிடுச்சு. என் கையைப் புடிச்சுக்கினு, "நீ சொன்னது சரிதாம்மா. மனுஷனுக்குத் தூக்கம் வேணும். எனக்கு புத்தி இல்லாம போச்சு"ன்னு மெதுவா சொன்னாங்க. அவங்க மேல இருந்த கோவம் எல்லாம் எனக்கு அந்த எடத்துலயே எறங்கிப் போச்சு. பாட்டு இல்லாம, சத்தம் இல்லாம, படிக்கட்டுலயே உக்காந்து எல்லாரும் கண்ணை மூடிக்கினு அவரு தூக்கத்துக்காக நன்றி சொன்னாங்க.

ஈ மொய்க்குமே, ஒரு போர்வையாவது போடுவோம்னு நான் மெதுவா கதவைத் தூக்கித் தொறந்து உள்ள போனேன். ரெண்டு அடி வெச்சதுமே அந்தப் பழகின சாராய நாத்தம் வந்துச்சு.

போர்வையைக் கையில வெச்சுக்கினு நின்னேன். போர்த்தி வுட்டுட்டு, கதவைச் சாத்திக்கினு வெளிய வந்தேன். பெரியக்கா கண்ணைத் தொறந்து, "நல்லா தூங்கறாரா?"ன்னு கேட்டாங்க. "நல்லா தூங்கறாருக்கா"ன்னேன். எல்லாரும் ஆமென் சொன்னாங்க. நானும் சொன்னேன்.

அதுக்கு அப்பால நடந்ததுல சொல்ல ஒண்ணும் இல்ல. மறுநாள் சனிக்கிழமை மகள் வந்தா, டாக்டர்கிட்ட போனோம், வார்டுல சேத்தோம், வெளிய வந்தாரு, திரும்ப அதே கதை. டாக்டர் அன்னிக்கு என்னைத் தனியா கூப்பிட்டு சொன்னது சொன்னபடி ஆச்சு. இப்போ அவரு இல்ல. குடிச்சே செத்தான்னு ஊரு சொல்லுது, சொல்லிட்டுப் போவட்டும்.

நான் நெனச்சுப் பாக்கறது அவரு சாவை இல்ல. அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் காலையை. ராத்திரி பூரா நான் கட்டில் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். நெத்தியில இருந்த சுருக்கம் எல்லாம் போய், வாயைத் தொறந்துக்கினு, கல்யாணத்தப்போ பாத்த மொகம் மாதிரி இருந்துச்சு. உலுக்கி எழுப்பணும், கேக்க வேண்டியதை எல்லாம் கேக்கணும்னு ஒவ்வொரு வார்த்தையா சேத்து வெச்சுக்கினு இருந்தேன். மனசு வரல. நல்லா விடிஞ்ச பெறகு அவரா கண்ணைத் தொறந்தாரு. எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவருக்குத் தெரியல. கையைத் தூக்கி சோம்பல் முறிச்சாரு, என்னைப் பாத்து சிரிச்சாரு.

"எவ்ளோ நல்லா தூங்கினேன் தெரியுமா மே"ன்னாரு.

"பசிக்குதா?"ன்னு கேட்டேன்.